பக்தூனிஸ் குடித்த காப்பி

எங்கள் ஸல்த் ஊரில் ஒருவரைப் பற்றி விசாரித்தால், நல்லவர் கெட்டவர் என்றெல்லாம் யாரும் நேரத்தை வீணாக்க மாட்டார்கள். தின்கிற பொருள் ஒன்றின் பெயரைச் சொல்வார்கள். அத்தோடு விசாரணை முடிந்துவிடும். தேன் என்றால் தேன். ரொட்டி என்றால் யாரோடும் ஒத்துப்போகிற ஆள். பாலாடை என்றால் அழகான பெண், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதே பாலாடை நாலைந்து வருஷம் கழித்தும் அப்பன் வீட்டிலேயே இருந்தால் ஊறுகாய். எல்லாம் அன்பாகத்தான் சொல்கிறோம் என்பார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, வாய்தானே!

என்னை எலுமிச்சை என்பார்கள். நான் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர்களுக்குப் பல் கூசுமாம். கூசட்டும்.

என் வீட்டுக்காரர் அவ்வாதுக்கு வைத்த பெயர் பக்தூனிஸ். கொத்தமல்லிக்குத் தங்கை மாதிரி ஒரு தழை. சாலட்டில் கிடக்கும், சூப்பில் கிடக்கும், கறி உருண்டையில் கிடக்கும். அது விழாத சட்டி எங்கள் ஊரில் கிடையாது. ஆனால் இன்றைக்குச் சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்டால், பக்தூனிஸ் என்று யாரும் பதில் சொன்னதும் கிடையாது.

இந்தப் பெயரை வைத்தவர் ஷாஹிர் பாஷா. பட்டாளத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் ஒரு பெயர் உண்டு, முதுகுக்குப் பின்னால் மட்டும். மன்சஃப். ஆட்டுக்கறியையும் சோற்றையும் மலையாகக் குவித்து, மேலே தயிர்க்குழம்பை ஊற்றி, நடுவில் கொண்டுவந்து வைப்போமே, அந்தப் பெரிய தட்டு. அவர் வந்து உட்கார்ந்தால்தான் விருந்து. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் பாஷா என் வீட்டுக்காரரின் முதுகில் தட்டி, "இவன் நம்ம பக்தூனிஸ்! இவன் இல்லாம எந்தச் சமையலும் இறங்காது" என்று சொல்லியிருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். இவரும் சிரித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து என்னிடம் அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பதக்கம் குத்திக்கொண்டு வந்தவர் மாதிரி நின்றார்.

"பாஷாவே சொன்னார், ஃபித்தா. எல்லார் முன்னாலயும்."

அது பாராட்டு இல்லை என்று அன்றைக்கே சொல்லியிருப்பேன். சொல்லவில்லை. அவர் தோளில் தண்ணீர்க் குழாய் அழுத்திக் கன்றிப்போன தழும்பு தெரிந்தது. சோற்றைப் போட்டேன்.

அவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை வந்தால் அதிர்ஷ்டம். மாடித் தொட்டி காய்ந்துபோனவர்கள் எல்லோரும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். லாரி போகிற மட்டும் லாரி, அதற்கு மேல் படிக்கட்டு. மலைச்சரிவு ஊர், பாதித் தெருக்கள் வெறும் படிக்கட்டுகள்தான். கனத்த குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுவார், இறங்குவார், மறுபடி ஏறுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவார். உட்கார்ந்ததும் போன் வரும்.

"அவ்வாத், மேலங்கியைப் போட்டுக்கிட்டு வா. ஜாஹா கிளம்புது."

பெண் கேட்கப் போவதென்றால் எங்களிடம் பையனும் அப்பனும் மட்டும் போய் நின்றால் ஆகாது. ஒரு ஜாஹா போக வேண்டும். ஆண்கள் கூட்டமாக, மேலங்கி போட்டுக்கொண்டு, மதிப்பான ஒருவரைத் தலைவராக வைத்துக்கொண்டு போவார்கள். கூட்டம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு மரியாதை. முன்வரிசைக்கு ஆள் பஞ்சமே இல்லை. பின்னால் போடுகிற நாற்காலிகளை யாராவது நிரப்ப வேண்டுமே! அதற்குத்தான் பக்தூனிஸ். பெண் கேட்கப் போவார். அடிதடியில் சமாதானம் கேட்கப் போவார். யாரோ ஒருவன் கார் மோதி யாரோ ஒருவர் செத்த வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போவார். போய்க் கதவோரம் கடைசி நாற்காலியில், கழற்றிவிட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்காருவார். இவர் பெயரை யாரும் கேட்க மாட்டார்கள். கல்யாண வீட்டுப் போட்டோக்களில் இவருடைய அரைத் தோளை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

ஜாஹாவின் எல்லாக் காரியமும் ஒரு கிண்ணம் காப்பியில் இருக்கிறது. பிடியில்லாத சின்னக் கிண்ணம், சர்க்கரை போடாத கசப்புக் காப்பி. முதல் கிண்ணம் தலைவருக்கு வரும். அவர் அதைக் குடிக்காமல் முன்னால் வைத்துவிட்டு, வந்த காரியத்தைச் சொல்வார். "கேட்டது கிடைச்சது, காப்பியைக் குடிங்க" என்று பெண் வீட்டார் சொன்னால்தான் குடிப்பார். அவர் குடித்த பிறகு மற்றவர்களுக்கு ஊற்றிக்கொண்டே வருவார்கள். கடைசி நாற்காலிக்குக் கிண்ணம் வரும்போது எல்லாம் முடிந்து, பேச்சு பெட்ரோல் விலைக்குப் போயிருக்கும். இவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, போதும் என்பதற்குக் கிண்ணத்தை இப்படியும் அப்படியும் ஆட்டித் திருப்பிக் கொடுப்பார். இத்தனை வருஷமும் இவர் குடித்தது அந்தக் காப்பிதான்.

எங்கள் ஒரே மகன் தலாலுக்கு முப்பது தாண்டிவிட்டது. மருந்துக்கடையில் வேலை. பக்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ரவானை அவனுக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் இவனைப் பிடித்திருந்தது. சின்ன உருவம், துருதுருவென்று இருப்பாள். ஊரில் அவளைப் பிஸ்தா என்பார்கள். அவள் அப்பா அபூ மஜ்தி சாது. மகன் பெயருக்கு முன்னால், அப்பா என்பதற்கு, அபூ சேர்த்துக் கூப்பிடுவது எங்களிடம் மரியாதை. அவருக்கும் சம்மதம்தான். ஆனால் அந்த வீட்டில் அவர் பேச்சு எடுபடாது. அவருடைய அண்ணன், அதாவது ரவானின் பெரியப்பா ஹாயில் சொல்வதுதான் சட்டம். ஹாயில் முகத்தைப் பார்த்தால் அடுப்பில் இருக்கிற பால் திரிந்துவிடும்.

எங்கள் விஷயம் காதுக்குப் போனதும் ஹாயில் சொன்னதை ரவானின் அம்மா எனக்குப் போனில் சொல்லி அழுதாள்.

"எங்க பொண்ணு என்ன சாலட்டா, பக்தூனிஸை அள்ளிப் போடறதுக்கு?"

தலைநகரம் அம்மானில் ஒரு இன்ஜினியரைத் தன் மனைவி வழியில் பார்த்து வைத்திருந்தார் அவர். தம்பி கெஞ்சியதில் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை கொடுத்தார். முகம் தெரிந்த ஒரு பெரிய மனிதரின் தலைமையில் ஜாஹா வரட்டும், பார்க்கலாம். இல்லாவிட்டால் அடுத்த வாரம் இன்ஜினியர் வீட்டு ஜாஹாவுக்குக் காப்பி கொதிக்கும்.

என் வீட்டுக்காரர் நேராகப் பாஷாவிடம் போனார்.

"போறோம்! உனக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போறேன்?" என்றாராம் பாஷா. இவர் வீட்டுக்கு வந்து மேலங்கியைத் தானே எடுத்து இஸ்திரி போட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் கையில் இஸ்திரிப் பெட்டியை நான் பார்த்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அந்த வாரம் பார்த்து ஊரில் குழாய்த் தண்ணீரே வரவில்லை. ஒரு பிரசவம் ஆன வீட்டிலிருந்து விடியும் முன்பே கூப்பிட்டுவிட்டார்கள். மாட்டேன் என்று சொல்ல இவருக்கு வராது. அங்கிருந்து இன்னொரு வீடு, இன்னொரு மாடி. மதியத் தொழுகைக்கு அப்புறம்தான் வந்தார். சட்டை நனைந்திருந்தது, உதடு வெடித்திருந்தது.

"தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"ஊருக்கே ஊத்திட்டு வர்றேன், குடிச்சீங்களான்னு கேட்கறியே" என்று சிரித்தார். குடிக்கவில்லை என்று அர்த்தம்.

அவர் குளித்து மேலங்கியைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது பாஷாவின் மகனிடமிருந்து போன் வந்தது. பாஷாவுக்கு அம்மானில் ஒரு விருந்து, யாரோ மந்திரி வீடு. "நீங்க போய்க்கிட்டே இருங்க, அப்பா வந்து சேர்ந்துக்குவார்." வந்து சேர்ந்துகொள்வார் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா?

இந்தச் செய்தி எங்கள் படிக்கட்டில் எங்களுக்கு முன்னால் இறங்கிப் போய்விட்டது. பாஷா வரவில்லை என்று தெரிந்ததும் பள்ளிக்கூடத் தலைமையாசிரியருக்குத் தலைவலி வந்தது. நகைக்கடைக்காரருக்கு விருந்தாளிகள் வந்தார்கள். முன்வரிசை முழுக்க இப்படியே காற்றில் கரைந்தது. வந்து நின்றவர்கள் யாரென்று பார்த்தால், தையற்காரர் ஜிர்யிஸ். கல்யாணமே செய்துகொள்ளாதவர், அதனால் அவர் பெயர் ஊறுகாய். அவருக்குப் பக்கத்தில் ரொட்டி அடுப்பு வைத்திருக்கும் ஃபாயிஸ். எதைத் திணித்தாலும் வாங்கிக்கொள்வான் என்பதால் குடைந்த சுரைக்காய். பின்னால் இன்னும் சிலர், அவர்களும் அதே ரகம். ஊரில் எந்த ஜாஹா போனாலும் பின்வரிசையில் உட்காருகிறவர்கள். மன்சஃப் இல்லாமல், கறி இல்லாமல், ஓரத்தில் வைக்கிற காய்கறி மட்டும் தனியாகக் கிளம்பி வந்த மாதிரி இருந்தது.

"போகலாமா வேண்டாமா?" என்று இவர் என்னைக் கேட்டார்.

"போகாம? அடுத்த வாரம் இன்ஜினியர் போவான். நீங்க நடங்க முன்னால" என்றேன்.

எங்களிடம் கார் இல்லை. தலால் மற்றவர்களோடு ஃபாயிஸின் ரொட்டி வேனில் ஏறினான். நானும் இவரும் தண்ணீர் லாரியில் போனோம். வழியெல்லாம் அவருக்கு வசனம் சொல்லிக் கொடுத்தேன்.

"சொல்லுங்க பார்க்கலாம்."

"உங்க வீட்டுக்கு ஒரு கோரிக்கையோட வந்திருக்கோம்..."

"வந்திருக்கோம் இல்லை, வந்திருக்கேன். நீங்கதான் தலைவர்."

"நானா?" என்று கேட்டுவிட்டு கியரை மாற்றினார். கண் சிவந்திருந்தது. "வந்திருக்கேன். உங்க மக ரவானை என் மகன் தலாலுக்குக் கேட்கறேன். சரியா?"

"சரி. தொண்டையைக் கனைச்சுட்டுப் பேசுங்க."

வசனத்தை அவர் நன்றாகவே மனப்பாடம் செய்துவிட்டார். காப்பியைப் பற்றி நான் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் தாடி முளைத்த எந்த ஆணுக்கும் அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அபூ மஜ்தியின் வீட்டில் பெண்கள் சமையலறையில் இருந்தோம். நான், ரவான், அவள் அம்மா. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு மணித்திரை மட்டும்தான். எல்லாம் தெரியும், எல்லாம் கேட்கும். ஹாயில் தன் ஆட்களோடு எதிர்ச்சுவரோரம் உட்கார்ந்து வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அழுகிய தக்காளியைப் பொறுக்குகிற மாதிரி பார்த்தார். என் வீட்டுக்காரர் உள்ளே வந்ததும் கால் பழக்கத்தில் கதவோர நாற்காலிக்குப் போனார். ஜிர்யிஸ்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நடுவில் உட்கார வைத்தார்.

அபூ மஜ்தியே காப்பி ஊற்ற வந்தார். இடது கையில் கூஜா, வலது கையில் கிண்ணம். முதல் கிண்ணத்தை ஊற்றி என் வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

இவர் வாங்கினார். ஒரே மடக்கில் குடித்தார். கிண்ணத்தை இப்படியும் அப்படியும் ஆட்டித் திருப்பிக் கொடுத்தார்.

என் பக்கத்தில் நின்ற ரவானின் அம்மா கையை வாயில் வைத்துக்கொண்டாள். விடிவதற்கு முன்னாலிருந்து தண்ணீர் சுமந்த மனுஷர், ஒரு சொட்டு உள்ளே போகாத தொண்டை, கையில் ஒரு கிண்ணம் வந்திருக்கிறது. வாழ்நாள் முழுக்க அந்தக் கைக்கு வந்த கிண்ணமெல்லாம் குடிக்கிற கிண்ணம்தான். காத்திருக்கிற கிண்ணத்தை அது தொட்டதே இல்லை.

அத்தோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. அபூ மஜ்திக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தலைவர் குடித்துவிட்டால் அடுத்தவருக்கு ஊற்ற வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். ஊற்றினார். ஜிர்யிஸ் வாங்கினார். தலைவர் குடித்தால் நாமும் குடிக்கலாம் என்பது அவர் கைக்குத் தெரியும். குடித்தார், ஆட்டினார். ஃபாயிஸ் குடித்தான், ஆட்டினான். இப்படியே வரிசை முழுக்கக் குடித்து ஆட்டிக்கொண்டே போனார்கள். தலால் மட்டும் கிண்ணத்தை வாங்காமல் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு இருந்தான். முன்வரிசையில் ஒருநாளாவது உட்கார்ந்த ஒரு ஆள் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் நிறுத்தியிருப்பார். ஒருவர்கூட இல்லை.

கடைசிக் கிண்ணம் திரும்பி வரும்வரை ஹாயில் பொறுமையாக இருந்தார். ரசித்துக்கொண்டு இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"எல்லாரும் குடிச்சாச்சா? திருப்தியா? ரொம்ப சந்தோஷம்" என்றார். "விருந்தாளியா வந்தீங்க, காப்பி குடிச்சீங்க. கேட்கறதுக்கு உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

அப்போதுதான் இவருக்கு உறைத்தது. எழுந்து நின்றார்.

"அபூ மஜ்தி, உங்க வீட்டுக்கு ஒரு கோரிக்கையோட..."

"குடிச்ச வாய்க்குக் கோரிக்கை ஏது?" என்று ஹாயில் கையைக் காட்டித் தடுத்தார். "ஏன் அவ்வாத், எத்தனை ஜாஹா பார்த்திருக்கே? இது தெரியாதா? சமையல்காரனே இல்லாம பக்தூனிஸ் தானா அடுப்பு மூட்டினா இப்படித்தான் ஆகும்."

அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். நான் மணித்திரையைப் பிடித்தேன். ரவான் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நிமிஷம் எனக்கு வந்த ஆத்திரத்தை எந்தப் பெயரால் சொல்வதென்று தெரியவில்லை. ஹாயில் மேல் வந்தது, பாஷா மேல் வந்தது, என் வீட்டுக்காரர் மேலும் வந்தது. இல்லை என்று ஏன் சொல்ல வேண்டும்?

இவர் தலாலைக் கையால் காட்டினார். "தப்பு என்னோடது. பையனோடது இல்லை. அவன் குடிக்கலை, பாருங்க" என்றார். குரலில் அசதியைத் தவிர ஒன்றும் இல்லை.

"அப்பனைப் பார்த்தாச்சு. பையனைத் தனியா பார்க்கணுமா?" என்றார் ஹாயில்.

கீழே தெருவில் கார் ஹாரன் கேட்டது. நீண்ட ஹாரன். பாஷா!

ஹாயில் துள்ளி எழுந்ததைப் பார்த்தால் அவருக்கு மூட்டுவலி என்று யாரும் நம்ப மாட்டார்கள். வாசல் வரை ஓடினார். பாஷா வயிறு முன்னே வர, மந்திரி வீட்டு விருந்தின் வாசனையோடு உள்ளே வந்தார். நடந்ததை யாரும் அவரிடம் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் நடு நாற்காலியை விட்டு எழுந்தார். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. தானாகவே எழுந்து, நாற்காலியை மேலங்கி நுனியால் துடைத்துக் கொடுத்துவிட்டு, கதவோரம் போய்ச் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சுவரில் தலையைச் சாய்த்தார்.

எனக்கு அழுகை வந்தது. துடைத்தார் பாருங்கள், அதற்குத்தான்.

கிண்ணங்களைக் கழுவி, புதுக் காப்பி ஊற்றச் சொன்னார் ஹாயில். பெரிய மனிதர் ஒருவர் தங்கள் கூடத்துக்கு வந்து உட்கார்ந்ததில் அம்மான் இன்ஜினியரையே மறந்துவிட்டார். பாஷா கிண்ணத்தை வாங்கி முன்னால் வைத்தார். கனைத்தார். வம்சப் பெருமை, நட்பு, நாடு என்று பெரிதாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "நம்ம பக்தூனிஸ் பையனுக்கு உங்க பொண்ணைக் கேட்டு வந்திருக்கேன்" என்று முடித்தார். தலாலின் பெயர் அவர் வாயில் வரவில்லை. அவருக்கு அது தெரியாது என்றே நினைக்கிறேன்.

"நீங்க கேட்டு இல்லைன்னு சொல்லுவோமா, பாஷா? கேட்டது கிடைச்சது. காப்பியைக் குடிங்க" என்றார் ஹாயில், அபூ மஜ்தியின் முகத்தைக்கூடப் பார்க்காமல்.

பாஷா குடித்தார். கிண்ணத்தை ஆட்டினார். சமையலறையில் ரவானின் அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். காரியம் முடிந்தது, சந்தோஷப்பட வேண்டியதுதான். நானோ அவள் தோளுக்கு மேலே கூடத்தையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அபூ மஜ்தி வரிசையாக ஊற்றிக்கொண்டு போனார். ஜிர்யிஸ் கிண்ணத்தை வாங்கினார், முழங்காலில் வைத்துக்கொண்டார். ஃபாயிஸ் வாங்கினான், அவனும் வைத்துக்கொண்டான். அடுத்தவரும் அப்படியே. யாரும் குடிக்கவில்லை. பாஷா பேசிக்கொண்டே இருந்தவர் பேச்சை நிறுத்தினார்.

"குடிங்கப்பா, குடிங்க. அதான் பொண்ணு கிடைச்சாச்சே" என்றார் ஹாயில்.

அசையவில்லை ஒருவரும். பாஷாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்னய்யா, ஏன் குடிக்கலை?"

ஜிர்யிஸ் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு, "அபூ தலால் இன்னும் குடிக்கலை, பாஷா" என்றார். அப்புறம் இன்னும் மெதுவாக, "எங்களைக் கூட்டிக்கிட்டு வந்தவர் அவர்தான்" என்றார்.

எல்லோரும் கதவோரம் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் சுவரில் தலை சாய்த்தபடி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு இருந்தார். பாஷாவின் பேச்சு முழுவதையும் அவர் தூங்கியே கழித்திருக்கிறார்.

யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தேன். வரிசையில் இருந்தவர்கள் முகத்தைப் பார்த்து ஹாயிலின் ஆட்கள்கூடச் சிரிக்கவில்லை. அபூ மஜ்தி கூஜாவோடு கடைசி நாற்காலி வரை நடந்து போனார். அண்ணனைத் தாண்டித்தான் போனார், திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து, தோளைத் தொட்டார்.

"அபூ தலால். உங்க காப்பி."

இவர் திடுக்கிட்டு விழித்தார். நீட்டிய கிண்ணத்தைப் பார்த்தார். வாங்கினார். உதடு வரை கொண்டு போகவில்லை. பயந்துபோய், சூடான பாத்திரத்தை வைக்கிற மாதிரி, கீழே தரையில், செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தார். எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தார்.

"அபூ மஜ்தி, உங்க வீட்டுக்கு ஒரு கோரிக்கையோட வந்திருக்கேன்" என்றார். "உங்க மக ரவானை என் மகன் தலாலுக்குக் கேட்கறேன்."

கொடுத்தாகிவிட்டது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அபூ மஜ்தியும் சொல்லவில்லை. அவர் கண் நிறைந்திருந்தது. இத்தனை நாள் கழித்து அவரிடம் ஒருவர் அவருடைய மகளைக் கேட்கிறார்.

"கொடுத்தேன், அபூ தலால். நான் கொடுத்தேன். குடிங்க."

இவர் குனிந்து கிண்ணத்தை எடுத்துக் குடித்தார். ஆட்டினார். அப்புறம்தான் பக்கத்து நாற்காலி குடித்தது, அதற்கு அடுத்தது, ஃபாயிஸ், ஜிர்யிஸ். கதவோரத்தில் தொடங்கிய காப்பி நடு நாற்காலி வரை வந்தது. பாஷா தன் காலிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு இருந்தார்.

பொழுது சாய்ந்த பிறகு லாரியில் திரும்பினோம். பாஷாவின் கார் வழியை அடைத்துக்கொண்டு நின்றதால், அதை எடுக்கும்வரை கீழே காத்திருக்க வேண்டியதாயிற்று. இவர் ஸ்டியரிங் மேல் கையைப் போட்டுக்கொண்டு சிரித்தார்.

"நல்லவேளை பாஷா வந்தார். அவர் முகத்துக்காகத்தான் நமக்கு இன்னொரு கிண்ணம் கொடுத்தாங்க. இல்லைன்னா நான் பண்ணின காரியத்துக்கு..."

நான் எலுமிச்சை அல்லவா, பொறுக்க முடியவில்லை. "பாஷாவா? உங்க பாஷா குடிச்சப்ப ஒருத்தன் குடிக்கலை. தெரியுமா உங்களுக்கு? பாஷா சொல்லியும் குடிக்கலை, ஹாயில் சொல்லியும் குடிக்கலை. நீங்க முழிச்சுக் குடிக்கற வரைக்கும் எல்லாரும் கிண்ணத்தைக் கையிலயே வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. உங்களுக்காக!"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். லாரியைக் கிளப்பினார். சந்தைப் பக்கம் திரும்பும்போது மேலங்கியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அடடா" என்றார். "அவங்க காப்பி ஆறிப்போயிருக்குமே, ஃபித்தா."